எட்டு போர்ட் பிஓஇ சுவிட்ச்: வீட்டுக்குத் தாராளம், தோட்டத்துக்குக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் எட்டு கேமரா போடக் கொட்டேஷன் கேட்டால் வருகிற தாளைப் பாருங்கள். கேமராவுக்கு மட்டும் மெகாபிக்சல், லென்ஸ், ராத்திரியில் கலர் தெரியுமா என்று நாலைந்து வரி. படத்தைப் பதிவு செய்கிற பெட்டியான என்விஆருக்கு இரண்டு வரி. அதற்குக் கீழே “8 போர்ட் பிஓஇ சுவிட்ச் – 1”, “கேட் 6 கேபிள் – தேவைக்கேற்ப” என்று முடித்துவிடுவார்கள். பிஓஇ என்றால் படமும் மின்சாரமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகிற முறை. பேரம் எல்லாம் கேமரா விலையில்தான் நடக்கும். ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டியதும் படம் நிற்கிறது, கேமரா தன்னால் அணைந்து எழுகிறது என்று வருகிற தொல்லைகளை நோண்டினால், அநேகமாக அந்தக் கடைசி இரண்டு வரியில்தான் போய் முட்டும். அதனால் இங்கே அலசப்படுவது அந்தச் சுவிட்சும், அதை நம்பிப் போடுகிற கேபிளும்.

எடுத்துக்கொண்டது எந்தக் கடையிலும் கிடைக்கிற வகை: எட்டு பிஓஇ போர்ட், என்விஆருக்கும் ரவுட்டருக்கும் போகிற இரண்டு அப்லிங்க் போர்ட், செட்டிங் மாற்றுகிற மேனேஜ்மென்ட் வசதி இல்லாதது, முன்பக்கம் எக்ஸ்டெண்ட், வி-லேன் என்று தள்ளிவிடுகிற ஒரு சின்னப் பட்டன். இந்த விலையில் பல பிராண்டுகளுக்கும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பெயரைவிட அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் முக்கியம்.

முதலில் வாட் கணக்கு. 802.3ஏஎஃப் என்ற 2003ஆம் ஆண்டுத் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும்; கேபிள் நட்டம் போகக் கேமரா முனையில் 12.95 வாட் உறுதி. 2009இல் வந்த 802.3ஏடியில் போர்ட்டுக்கு 30 வாட், கேமரா முனையில் 25.5 வாட். அட்டைப்பெட்டியில் “எட்டு போர்ட்டும் ஏடி” என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து 240 வாட் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. எட்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரு மொத்த வரம்பு உண்டு. அதைச் சொல்வது அடாப்டர். 52 வோல்ட், 1.25 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட். அதில் சுவிட்ச் தனக்கென்று நாலைந்து வாட் எடுத்துக்கொள்ளும். கேமராக்களுக்கு மிஞ்சுவது 60.

நாலு மெகாபிக்சல் புல்லட் கேமரா ஒன்று பகலில் 3, 4 வாட்தான் இழுக்கும். இருட்டி ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத இரவு விளக்கு) எரிந்தால் 6, 7 வாட்டுக்குப் போகும். வெள்ளை லைட்டும் சேர்ந்த மாடல்கள் அதற்கும் மேலே. எட்டு கேமராவுக்கு ஏழு ஏழு வாட் என்றால் 56. தாளில் 60க்குள் அடங்கிவிட்டது. ஆனால் கேபிளில் போகிற நட்டத்தையும், வெயிலில் சூடேறிக் கிடக்கும் அடாப்டரையும் சேர்த்தால் அடங்காது. அப்போது என்ன நடக்கும் என்றால், பகல் முழுக்க எட்டும் நன்றாக ஓடும். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஐஆர் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியதும் ஒரு கேமரா, பெரும்பாலும் கடைசி நம்பர் போர்ட்டில் இருப்பது, அணையும். ஒரு நிமிடத்தில் தன்னால் எழும், ஐஆர் எரியும், மறுபடி அணையும். என்விஆர் லாகில் விடிய விடிய “வீடியோ லாஸ்” என்று வரிசையாக நிற்கும். காலையில் ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். கேமராவை மாற்றினாலும் இது தீராது. சந்தேகம் இருந்தால் ராத்திரியில் ஏதாவது இரண்டு கேமராவின் ஐஆரை செட்டிங்கில் அணைத்துப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் குறை வாட்டில்தான்.

எனவே டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் உச்ச வாட்டைக் கூட்டி, அதன் மேல் முப்பது சதவீதம் சேர்த்து வாங்குங்கள். மேலே சொன்ன எட்டு கேமராவுக்கு 73 வாட் வருகிறது. 65 வாட் சுவிட்ச் ஆகாது, 96 அல்லது 120 வாட் எடுக்க வேண்டும். அதிலும் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிற, மூன்று முள் பிளக் உள்ள மெட்டல் பாடி மாடல்தான் எங்கள் தேர்வு. காரணம் எர்த். அதற்குப் பின்னால் வருகிறோம். சுழலும் பிடிஇசட் கேமரா ஒன்று சேர்ந்தால் அதற்கு மட்டும் 20 வாட்டுக்கு மேல் தனியாக ஒதுக்குங்கள். அது ஏடி போர்ட்டிலேயே போக வேண்டும்.

அடுத்தது எக்ஸ்டெண்ட் பட்டன். இந்தச் சாமானில் அதிகமாகத் தவறாகப் பயன்படுவது இதுதான். கடையில் ஒருவர் கேட்கிறார் (சாளை என்றால் தோட்டத்து வீடு):

“ஏனுங்ணா, சாளையில இருந்து மோட்டார் ரூம் இருநூறு மீட்டர் இருக்குமுங்க. இது தாங்குமுங்களா?”

“எக்ஸ்டெண்ட்ல போட்டா இருநூத்தி அம்பது மீட்டர் போகுமுங்க.”

கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் முழுக் கதையும் இல்லை. ஈத்தர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் வரம்பு. அதிலும் சுவரோடு போகிற கேபிள் 90, இரண்டு முனையிலும் பேட்ச் கார்டு சேர்த்து 10. எக்ஸ்டெண்ட் பட்டனைத் தள்ளினால் சுவிட்ச் அந்தப் போர்ட்டுகளின் வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 10க்கு இறக்கிவிடும். வேகம் குறைந்தால் சிக்னல் தூரம் தாங்குகிறது, அவ்வளவுதான். சில மாடல்களில் எட்டு போர்ட்டும் சேர்ந்தே 10க்கு இறங்கிவிடும், வாசல் கேமராவும் சேர்த்து. வாங்குமுன் எந்தெந்தப் போர்ட் இறங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

10 எம்பிபிஎஸ்ஸில் ஒரு கேமரா ஓடுமா? ஓடும். நாலு மெகாபிக்சல், எச்.265 (படத்தைச் சுருக்குகிற முறை), பிட்ரேட் (நொடிக்கு அனுப்புகிற டேட்டா) 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மெயின் ஸ்ட்ரீமும் (முழுப் படம்) சப் ஸ்ட்ரீமும் (சின்னப் படம்) சேர்ந்து ஐந்துக்குள் அடங்கும். தொல்லை வருவது எட்டு மெகாபிக்சல் கேமராவைப் போட்டு, பிட்ரேட்டை ஃபேக்டரி செட்டிங்கிலேயே விடும்போது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் வைத்து, என்விஆர் வழியாக இல்லாமல் கேமராவிலிருந்தே நேராகப் படம் இழுத்தாலும் இரண்டாவது ஸ்ட்ரீம் சேர்ந்து நெரிசலாகும். ஆட்கள் நடக்கும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையும். எக்ஸ்டெண்டில் ஓடுகிற கேமராவின் பிட்ரேட்டை 4க்குள் கட்டி வையுங்கள்.

இந்த 250 மீட்டர் எல்லாமே நல்ல செம்புக் கேபிளுக்குச் சொன்ன கணக்கு. சந்தையில் கேட் 6 என்று விற்பதில் பாதி விலைக்குக் கிடைப்பது சிசிஏ: அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம். பார்த்துத் தெரிந்துகொள்வது சுலபம். ஒரு கம்பியை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலைந்து முறை முன்னும் பின்னும் மடக்கினால் பட்டென்று ஒடியும். 305 மீட்டர் பாக்ஸைத் தூக்கிப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். சிசிஏ கம்பிக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். 250 மீட்டர் 24 ஏடபிள்யூஜி (கம்பிப் பருமன் அளவு; எண் குறைந்தால் கம்பி தடிமன்) செம்பில் போக வர இரண்டிரண்டு கம்பி என்றால் சுமார் 23 ஓம். 52 வோல்ட்டை இந்தத் தடை வழியாக அனுப்பினால் மறுமுனையில் எடுக்கக்கூடிய உச்சம் 29 வாட் அளவில் வரும். அதே தூரம் சிசிஏ போட்டால் உச்சமே 19 வாட்டுக்குள் அடங்கிவிடும். 20 வாட் பிடிஇசட் கேமராவை அந்தக் கேபிளின் முனையில் மாட்டிவிட்டு எந்தச் சுவிட்சை வாங்கினாலும் எழாது. 7 வாட் புல்லட் கேமரா எழுந்துவிடும். ஆனால் பிளக்கை அழுத்தி மாட்டிய, அதாவது கிரிம்ப் செய்த இடத்தில் அலுமினியம் நாளாக ஆகப் பூத்து, தொடர்பு விட்டு விட்டு வரும். வெளியே போடுகிற கேபிளில் செம்பைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். பில்லில் “பியூர் காப்பர், 23 ஏடபிள்யூஜி” என்று எழுதச் சொல்லுங்கள்.

கிரிம்ப் என்றதும் இன்னொன்று. ஆர்ஜே45 முனையில் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இதுதான் டி568பி வரிசை. சிலர் ஜோடி ஜோடியாக, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் என்று இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். லைட் எரிகிற சின்ன டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிந்து “பாஸ்” ஆகும். ஆனால் ஒரு ஜோடியாக வேலை செய்கிற மூன்றாவது, ஆறாவது கம்பிகள் ஒரே முறுக்கில் இல்லாததால் சிக்னல் கலங்கும். பத்து மீட்டரில் ஓடும், அறுபது மீட்டரில் படம் விட்டு விட்டு வரும். டெஸ்டர் காட்டுவதை நம்பாமல் கண்ணாடி முனை வழியாக நிறத்தைப் பாருங்கள்.

இனி தோட்டம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலும் 2025இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, கொங்குப் பகுதியில் தனிச் சாளைகளுக்குக் கேமரா போடுவது மிகவும் கூடியிருக்கிறது. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடு, சுற்றிலும் பத்து ஏக்கர் தோப்பு, பக்கத்து வீடு அரைக் கிலோமீட்டர். இங்கே கேமரா ஓடாமல் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. இந்த இடத்துக்கு எக்ஸ்டெண்ட் பட்டனை நம்பாதீர்கள். 100 மீட்டரைத் தாண்டினால், ஒளியால் டேட்டா அனுப்புகிற கண்ணாடி இழையான ஃபைபர்தான்.

ஃபைபர் என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டியதில்லை. சிங்கிள் மோட் ஃபைபர், இரண்டு முனைக்கும் ஜோடி மீடியா கன்வெர்ட்டர் (ஒளியையும் ஈத்தர்நெட் சிக்னலையும் மாற்றிக்கொடுக்கிற பெட்டி), மோட்டார் ரூமில் நாலு போர்ட் பிஓஇ சுவிட்ச் ஒன்று. ஊரில் இன்டர்நெட் லைன் இழுக்கிறவர்களிடமே இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கும். கவனிக்க வேண்டியது இரண்டு. ஒரே இழையில் போகவும் வரவும் செய்கிற கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாகத்தான் வரும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது நேர்மாறு. இரண்டும் ஏ ஆக வாங்கி வந்துவிட்டால் லிங்க் லைட் எரியவே எரியாது. இன்னொன்று கனெக்டர் நிறம். பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேர். பச்சையை நீலத்தில் சொருகினால் உட்காரும், ஆனால் ஒளி வீணாகும். இழைக்குள் மின்சாரம் போகாததால், கோடை மழை இடி மோட்டார் ரூம் பக்கம் விழுந்தாலும் அது ஃபைபர் வழியாக வீட்டு என்விஆருக்கு வராது. இரும்பு ஆர்மர் உள்ள கேபிள் என்றால் அந்த ஆர்மரை மட்டும் எர்த்தில் கட்டிவிடுங்கள்.

தென்னந்தோப்பில் கேபிளை மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டு போவது வேண்டாம். மட்டை விழுந்தால் அறும், அணில் கடிக்கும். ஒரு அங்குல எச்டிபிஇ பைப்புக்குள் விட்டு இரண்டு அடிக்கும் கீழே, சொட்டுநீர் லைனுக்கு ஒதுங்கி வரப்போரமாகப் புதையுங்கள். உழவு ஓட்டும்போது கலப்பை எட்டாது. மோட்டார் ரூமில் மும்முனைக் கரண்ட் நாள் முழுக்க இருக்கும் என்று நம்பிவிட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே நாலு கேமராவும் கன்வெர்ட்டரும் 30 வாட் என்றால் ஒரு நாளைக்கு 720 வாட் அவர். சோலார் வைப்பதானால் 300 வாட் பேனலும் 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியும் குறைந்தபட்சம். கேட்டைப் பார்க்கிற கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டும் போட்டுவிடுங்கள். யாராவது லைனை அறுத்தாலும் கேமராவுக்கு மின்சாரம் இருக்கும் வரை அதில் பதிவாகும்.

பனியன் கம்பெனி, தறிக்குடோன் விஷயம் வேறு. தூரம் இங்கே பிரச்சினை இல்லை, பஞ்சும் சூடும்தான். ஃபேன் உள்ள சுவிட்சைத் தறி ஓடுகிற இடத்தில் வைத்தால் சில மாதத்தில் பஞ்சு அடைத்து ஃபேன் நின்றுவிடும். ஃபேன் இல்லாத மாடலாகப் பாருங்கள். அதையும் ஆபீஸ் பக்கம் வையுங்கள். இந்த வகைச் சுவிட்சுக்கு 40, 45 டிகிரி வரைதான் உத்தரவாதம். கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் வெளியே 40ஐத் தொடும்போது, ஷீட்டுக்கு அடியில் தொங்குகிற தகரப் பெட்டிக்குள் 50க்கு மேல் போகும். பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும். அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால் 75 டிகிரி தாங்குகிற இண்டஸ்ட்ரியல் சுவிட்சுக்குப் பணம் போடுங்கள். வேகத்தை மாற்றுகிற விஎஃப்டி வைத்த மோட்டார் லைனோடு கேபிளை ஒரே டிரேயில் கட்டாதீர்கள். ஒரு அடியாவது தள்ளி, குறுக்கே போனால் நேர்குறுக்காகப் போகட்டும். கோழிப்பண்ணையில் அம்மோனியா ஆர்ஜே45 பின்களை அரித்துவிடும், சுவிட்சைக் கொட்டகைக்குள் வைக்கவே கூடாது.

கம்பெனியில் இரண்டாவது சுவிட்சை முதலாவதோடு தொடுக்கும்போது அப்லிங்க் வேகத்தைப் பாருங்கள். கேமரா போர்ட் 100 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். எட்டு கேமரா தலா 6 எம்பிபிஎஸ் என்றால் 48தான். பதினாறு என்றால் 96. 100 எம்பிபிஎஸ் அப்லிங்க் திணறிவிடும். கிகாபிட் அப்லிங்க் உள்ளதை வாங்கினால் இந்தக் கவலை இல்லை. ஒன்றை இன்னொன்றோடு சங்கிலியாக நாலு சுவிட்ச் தொடுப்பதைவிட, ஒவ்வொன்றையும் நேராக என்விஆர் இருக்கிற அறைக்குக் கொண்டுவருவது நல்லது. நடுவில் ஒன்று போனால் மீதியும் சேர்ந்து போகாது.

இரண்டு அப்லிங்க் இருப்பது ஒன்று என்விஆருக்கு, ஒன்று ரவுட்டருக்கு. இரண்டையும் ரவுட்டருக்கே கொடுத்தால் வேகம் கூடும் என்று நினைத்து மாட்டினால் டேட்டா வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிற லூப் ஆகிவிடும். மேனேஜ்மென்ட் இல்லாத சுவிட்சுக்கு அதைத் தடுக்கத் தெரியாது. எல்லா லைட்டும் வெறி பிடித்த மாதிரி ஒரே வேகத்தில் சிமிட்டும், பில்லிங் கம்ப்யூட்டர் உட்பட எல்லாம் உறைந்துவிடும்.

வி-லேன் பட்டன் உண்மையிலேயே நல்ல வசதி. அதைத் தள்ளினால் எட்டு போர்ட்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாது, அப்லிங்கை மட்டும்தான் பார்க்கும். வெளிச்சுவரில் உள்ள கேமராவைக் கழற்றி லேப்டாப்பை மாட்டினாலும் மற்ற கேமராக்களைத் தொட முடியாது. ஆனால் என்விஆரை ஐந்தாவது போர்ட்டில் மாட்டியிருந்தால் பட்டனைத் தள்ளிய மறுநொடி எல்லாப் படமும் கறுப்பாகிவிடும். என்விஆர் அப்லிங்கில்தான் இருக்க வேண்டும்.

ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள முகவரி) முன்கூட்டியே தாளில் எழுதுங்கள். ஹிக்விஷன் கேமரா 192.168.1.64 என்றும், டாவா 192.168.1.108 என்றும் பெட்டியிலிருந்து வரும். பல கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின்கள் 192.168.1.201இல் உட்கார்ந்திருக்கும். ரவுட்டரும் அதே 192.168.1 வரிசையில் போன்களுக்கு எண் கொடுத்துக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் போனை வைஃபையில் சேர்த்ததும் ஒரு கேமரா காணாமல் போகிறது என்றால் காரணம் ஒரே எண் இரண்டுக்கும் போன இந்த மோதல்தான். என்விஆரில் இரண்டு லேன் போர்ட் இருந்தால் கேமராக்களை 192.168.50 வரிசையில் தனியாக வைத்து, மற்றொரு போர்ட்டை ரவுட்டருக்குக் கொடுங்கள். ஒரே போர்ட்தான் என்றால் ரவுட்டரில் டிஎச்சிபி வரம்பை (அது தானாகக் கொடுக்கிற எண்களின் எல்லை) 20 முதல் 90 வரை என்று சுருக்கி, கேமராக்களை 101 முதல் 108 வரை நிலையாக வையுங்கள்.

ஹார்டு டிஸ்க்கைப் பற்றி ஒரு வரி: 4 எம்பிபிஎஸ் கேமரா ஒன்று நாளைக்கு 43 ஜிபி எழுதும், எட்டுக்கு 345 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஆறு நாளைக்குள் நிரம்பிவிடும்.

இடி மின்னலுக்கு வருவோம். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் போனால் இரண்டு முனையிலும், திடீர் மின் அதிர்ச்சியை எர்த்தில் இறக்குகிற சர்ஜ் புரொடெக்டர் வேண்டும், அதற்கு எர்த்தும் வேண்டும். எர்த் இல்லாத புரொடெக்டர் வெறும் இணைப்பு டப்பாதான். சர்ஜ் இறங்க வழியில்லாமல் சுவிட்சுக்கே போகும். பிளாஸ்டிக் பாடி, இரண்டு முள் அடாப்டர் உள்ள மாடலை இதற்காகத்தான் விரும்பவில்லை. மெட்டல் பாடியில் பின்னால் எர்த் ஸ்க்ரூ இருக்கும், அதில் பச்சை வயரை முறுக்கி எர்த் குழியோடு சேருங்கள். வெளியே கேமரா வாலில் இருக்கும் ஆர்ஜே45 இணைப்புக்கு ரப்பர்த் தொப்பி போடாமல் விட்டாலும் இதே சுவிட்சைத்தான் குறை சொல்வார்கள். ஈரம் புகுந்ததும் 52 வோல்ட் டிசி பின்களை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். தொப்பி, அதற்குமேல் ஜங்ஷன் பாக்ஸ், கேபிள் கீழ்ப்பக்கமிருந்து நுழைய வேண்டும்.

சுவிட்ச், என்விஆர், ரவுட்டர் மூன்றும் சேர்ந்து 90 வாட் வரும். 7 ஏஎச் பேட்டரி உள்ள 600 விஏ யுபிஎஸ் அரைமணி நேரம் தாங்கினால் அதிகம். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஎச் பேட்டரி இருந்தால் ராத்திரி முழுக்க ஓடும். ஆனால் இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறுகிற அந்த நொடியில் எட்டு கேமராவும் அணைந்து எழும்.

ஆக, ஆறு கேமராவுக்குள் இருக்கிற, எல்லா லைனும் 60, 70 மீட்டருக்குள் முடிகிற டவுன் வீட்டுக்கு 65 வாட் மாடலையே தாராளமாக வாங்கலாம்; அந்த விலைக்கு அது நல்ல சாமான். எட்டும் நிரம்பினால் 120 வாட், கிகாபிட் அப்லிங்க், மெட்டல் பாடி. தோட்டத்துக்கு ஒரே பெரிய சுவிட்ச் வேண்டாம், ஃபைபரின் இரண்டு முனையிலும் சின்னதாக இரண்டு.

கடையிலேயே ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. எதுவும் மாட்டாத பிஓஇ போர்ட்டில் நிலையாக 48, 52 வோல்ட் நின்றால் அது எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே மின்சாரம் தள்ளுகிற சாமான். லேப்டாப்பையோ பிரிண்டரையோ தவறி மாட்டினால் போர்ட் கருகக்கூடும். முறையான ஏஎஃப், ஏடி சுவிட்ச் காலிப் போர்ட்டில் 10 வோல்ட்டுக்குள் துடிப்பு துடிப்பாக மட்டுமே காட்டும். அடாப்டர் மாடல் வாங்கினால் அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே பின் அளவில் இன்னொரு அடாப்டரையும் அன்றைக்கே வாங்கி வீட்டில் வையுங்கள். பழுதாவதில் முதல் ஆள் அதுதான், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அது கடையில் கிடைக்காது.